தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ராகி மாவு பாக்கெட் மாதம் எவ்வளவு விற்கும்? முதலீட்டுக்கு முன் கணக்குப் பார்ப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் பாலக்கோடு பக்கம். கணவன் மனைவி சேர்ந்து முளைகட்டிய ராகி மாவை அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் விற்க நினைக்கிறோம். இங்கே எல்லோரும் ராகி சாப்பிடுகிறவர்கள், மாதம் 8 டன் தாராளமாகப் போகும் என்கிறார் மெஷின் விற்பவர். உண்மையில் எவ்வளவு விற்கும் என்று கடன் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்:

உண்டு. கிலோ சுத்தமாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சரக்கு 8 டன் போகிற சரக்கா, 500 கிலோ போகிற சரக்கா என்பதை மூன்று நான்கு மாத வேலையில் கண்டுபிடித்துவிடலாம். கடன் வாங்கப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

அந்த 8 டன் எங்கிருந்து வந்திருக்கும் என்று பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தர்மபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 18,79,809 பேர். கூட்டினால் ஏறக்குறைய 33.86 லட்சம். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 8.46 லட்சம் குடும்பங்கள். நூற்றில் ஒரு வீடு மாதம் ஒரு கிலோ வாங்கினாலே எட்டரை டன். பெருக்கலில் தவறே இல்லை. ஆனால் அந்த 'நூற்றில் ஒன்று' யாரும் போய் அளந்து எடுத்த எண் அல்ல. ஒன்றுதானே என்று கேட்பதற்குச் சின்னதாக இருப்பதால் நம்பிவிடுகிறோம். புதிதாக வரும் ஒரு பாக்கெட் எட்டாயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குள் மாதா மாதம் போய்ச் சேருவது எவ்வளவு பெரிய வேலை என்பது கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 'எல்லோரும் ராகி சாப்பிடுகிறவர்கள்' என்ற பேச்சில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளைவதும் அதிகம் சாப்பிடுவதும் நம் இரண்டு மாவட்டங்களில்தான். அதனாலேயே ராகி மாவு பாக்கெட்டுக்கு இங்கே சந்தை பெரிதாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். தன் காட்டில் விளைந்த ராகி மூட்டையில் இருக்கும், அல்லது பக்கத்துக் காட்டில் அளந்து வாங்கியிருப்பார்கள். வேண்டும்போது ஐந்து படி, பத்து படி புடைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவார்கள். தினமும் களி கிண்டுகிற வீடு அது. ராகிச் செலவு அங்கேதான் மிக அதிகம். ஆனால் ராகி மாவுக்காக அந்த வீட்டிலிருந்து வெளியே போகும் பணம் அரவைக் கூலி மட்டுமே. உங்கள் பாக்கெட்டுக்குப் போட்டி இன்னொரு பிராண்ட் என்று நினைத்திருப்பீர்கள். பாதி இடங்களில் போட்டி அந்த மாவு மில்தான்.

ஆகவே சாப்பிடுகிற அளவை எண்ணாதீர்கள். இன்று காசு கொடுத்து, மாவாக, பாக்கெட்டில் வாங்குகிறவர்கள் எத்தனை பேர், எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை எண்ணுங்கள். அதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது இரண்டாவது கேள்வி. நான் கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டு கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதல் வடிகட்டல் வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். அதே கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தில் நகரவாசிகள் சுமார் 17 சதவீதம், கிருஷ்ணகிரியில் சுமார் 23 சதவீதம். அதாவது இரண்டிலும் சேர்த்து 6.9 லட்சம் பேர், ஏறத்தாழ 1.7 லட்சம் குடும்பங்கள். 8.46 லட்சம் ஒரே வரியில் 1.7 லட்சமாக இறங்கிவிட்டது. கிராமத்தில் ஒருவருமே வாங்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. தொடக்கத்தில் உங்கள் வண்டி போய்வரக்கூடிய, பாக்கெட் மாவு வாங்கும் பழக்கம் இருக்கக்கூடிய இடம் நகரங்கள்தான். 2011 எண்கள் பழையவை என்பதும் நினைவிருக்கட்டும். 2021 கணக்கெடுப்பு நடக்கவே இல்லை, அடுத்தது 2027இல்தான். இடையில் ஓசூர் 2019இல் மாநகராட்சியாகிவிட்டது, ஊரே வேறு அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதனால் ஓசூருக்கு மட்டும் பழைய எண்ணை அப்படியே போடாதீர்கள். ரேஷன் கடை வாரியாக எத்தனை கார்டு என்று விசாரித்து எடுத்துக்கொண்டால் இன்றைய நிலவரத்துக்கு நெருக்கமாக வரும். தாலுகா வாரியாக ராகி எவ்வளவு பரப்பில் விளைகிறது என்பது மாவட்டப் புள்ளியியல் கையேட்டில் கிடைக்கும். எங்கே விளைச்சல் அதிகமோ அங்கே பாக்கெட் ஓட்டம் குறைவு என்ற சந்தேகத்தைச் சரிபார்க்க அந்தப் பட்டியல் உதவும். பயிர் சம்பந்தமான விவரத்துக்குப் பாப்பாரப்பட்டியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும், காவேரிப்பட்டணம் அருகே பையூரில் இருக்கும் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்கலாம். பையூரிலிருந்து ராகி ரகங்களே வெளிவந்திருக்கின்றன.

இதற்குமேல் காகிதத்தில் ஒன்றும் கிடைக்காது. வீடு வீடாகவும் கடை கடையாகவும் போக வேண்டும்.

வீடுகளில் ஆரம்பிப்போம். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: ஒரு தாளில் 'எங்கள் முளைகட்டிய ராகி மாவு வந்தால் வாங்குவீர்களா?' என்று அச்சடித்து, தெரிந்தவர்களிடம் கொடுத்து, நூற்றுக்கு எண்பது பேர் ஆமாம் என்றார்கள் என்று எழுதிக்கொள்வார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம், அதுவும் தொழில் தொடங்கப் போகிறேன் என்று நிற்கிற பிள்ளையிடம், வாங்க மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? அந்த ஆமாம் மரியாதைக்காகச் சொன்னது. அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

நடந்ததைக் கேளுங்கள். 'போன மாசம் ராகி மாவு வாங்கினீங்களா? எங்க வாங்கினீங்க? எவ்வளவு? என்ன விலை?' முடிந்தால் மாவு டப்பாவையே காட்டச் சொல்லுங்கள். ஓசூரில் ஒரு வாடகை வீட்டில் அந்த அம்மா, 'ராகி மாவுதானே, மாசம் ரெண்டு கிலோ ஆவுங்க' என்றார். தாளில் 2 கிலோ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கலாம். டப்பாவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது பரணிலிருந்து பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இறங்கியது. 'ஊருல இருந்து அம்மா அரைச்சுக் குடுத்தனுப்புவாங்க, கடையில எங்க வாங்கறது' என்றார். அடுப்பு மேடையில் இன்னொரு சின்ன பாக்கெட் இருந்தது. அது பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சக் கடையில் வாங்கிய சத்துமாவு, அரைக் கிலோ, பாதி காலி. இரண்டு கிலோ சாப்பிடும் அந்த வீட்டில் உங்களுக்கான சந்தை அந்த அரைக் கிலோதான். அது ராகி மாவுக்கான இடமும் அல்ல, சத்துமாவுக்கான இடம். இதைக் கேள்வித்தாள் சொல்லாது, டப்பா சொல்லும்.

புதிய சரக்கைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஆமாம், இல்லை என்று கேட்காதீர்கள். 1966இல் தாமஸ் ஜஸ்டர் என்ற பொருளாதார அறிஞர் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அடுத்த இவ்வளவு காலத்துக்குள் வாங்குவதற்குப் பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வதுதான் அது. நூறு பேரைக் கேட்கிறீர்கள். 40 பேர் 0, 30 பேர் 2, 20 பேர் 5, 10 பேர் 8 என்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 240, சராசரி 2.4. அதாவது வாங்கும் வாய்ப்பு 24 சதவீதம். இதே நூறு பேரை ஆமாமா இல்லையா என்று கேட்டிருந்தால் பூஜ்யம் சொன்னவர்களைத் தவிர மற்ற அறுபது பேரும் ஆமாம் பக்கம் சாய்ந்திருக்கலாம். இந்த 24கூட மேல் எல்லைதான். பார்க்காத, சாப்பிடாத சரக்குக்கு மனிதர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். போச்சம்பள்ளி சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றால் ஒரே நாளில் இருநூறு பேரைப் பிடித்துவிடலாம். ஆனால் சந்தைக்கு வருகிறவர்கள் தானியமாகவே வாங்கிப் போகிறவர்கள், பலர் விளைவிக்கிறவர்கள். பாக்கெட் மாவு வாங்கக்கூடியவர், வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு ஓசூர் தெருக்கடையில் நிற்பார். தர்மபுரி டவுன், கிருஷ்ணகிரி டவுன், ஓசூர் மூன்றிலும் தெருக்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுத்து, தெருவில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போங்கள். சாயங்காலமும் ஞாயிறும் போனால்தான் வேலைக்குப் போகிறவர்கள் கிடைப்பார்கள். எத்தனை வீடு? 100 வீடு கேட்டு 20 வீட்டில் பாக்கெட் மாவு இருந்தால் உண்மை நிலை 12க்கும் 28க்கும் இடையில் எங்கேயாவது இருக்கும். 400 வீடு கேட்டால் அது 16க்கும் 24க்கும் இடையில் சுருங்கும். உங்களுக்கு ஊருக்கு நூறாக முந்நூறு வீடு போதும். ஆனால் மூன்று ஊரையும் தனித்தனியே எழுதிவையுங்கள். சேர்த்துவிட்டால் ஓசூரின் எண் மற்ற இரண்டையும் மறைத்துவிடும்.

அடுத்தது கடைகள். வீடுகளைவிடக் கடைகள் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. கடைக்காரரிடம் 'ராகி மாவு எப்படிங்க ஓடுது?' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்பார். அதில் ஒன்றும் இல்லை. அனுமதி கேட்டு பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பேக் செய்த தேதி பின்பக்கம் இருக்கும். இன்றைக்கும் அந்தத் தேதிக்கும் இடையில் பதினைந்து நாள் என்றால் சரக்கு ஓடுகிறது. மூன்று மாதம் ஆகி, மேல் மடிப்பில் தூசி படிந்திருந்தால் தேங்குகிறது. எந்த பிராண்ட், எந்த அளவு, என்ன விலை, எந்தத் தேதி, எத்தனை பாக்கெட் என்று குறித்துக்கொண்டு, சரியாக முப்பது நாள் கழித்து அதே கடைக்குப் போங்கள். முன்பு இருந்த சரக்கோடு இடையில் வந்து இறங்கியதைக் கூட்டி, இப்போது இருப்பதைக் கழித்தால் விற்றது எவ்வளவு என்று வந்துவிடும். 1930களில் ஆர்தர் நீல்சன் அமெரிக்காவில் கடைகளை வைத்து ஆரம்பித்த சந்தை அளவீடு இந்தக் கழித்தல் கணக்கில்தான் நின்றது. பெரிய கம்பெனிகள் காசு கொடுத்து வாங்குகிற விவரத்தை முப்பது நாற்பது கடைகள் அளவுக்கு நீங்களே எடுத்துவிடலாம். இடையில் எவ்வளவு இறங்கியது என்று தெரிய கடைக்காரரின் பில் கட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு அவரிடம் கொஞ்சம் பழக்கம் வேண்டும், முதல் நாளே கேட்காதீர்கள்.

மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட், நாட்டு மருந்துக் கடை, இயற்கை அங்காடி என்று வகை பிரித்துப் போங்கள். ஒரு வகைக்குப் பத்துக் கடை பார்த்தாலே எந்த வகையில் மாவு பாக்கெட் ஓடுகிறது என்பது தெளிவாகிவிடும். அந்த வகைக் கடைகள் ஊரில் மொத்தம் எத்தனை என்று எண்ணி, சராசரியால் பெருக்கினால் இன்றைய மொத்த விற்பனை வரும். வீடுகளிலிருந்து வந்த எண்ணும் கடைகளிலிருந்து வந்த எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் எங்கோ தவறு. பெரும்பாலும் வீட்டில் கூட்டிச் சொல்லியிருப்பார்கள், அல்லது உழவர் சந்தை, மகளிர் குழு விற்பனை போன்ற ஒரு வழியை நீங்கள் எண்ணாமல் விட்டிருப்பீர்கள்.

இனி உங்கள் பங்குக்கு வருவோம். இதற்குச் சிறிதாக விற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. மெஷின் வாங்க வேண்டாம். ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் ஒரு மில்லில் கூலிக்கு முளைகட்டிக் காயவைத்து அரைத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவோடும் முறையான லேபிளோடும் சில நூறு கிலோ தயார் செய்யுங்கள். மூன்று ஊரில் ஊருக்குப் பத்துக் கடையில் வையுங்கள்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் எடுத்த சரக்கை விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். முப்பது கடைக்குக் கடைக்கு இருபது பாக்கெட் போட்டால் முதல் மாதமே 600 பாக்கெட். எல்லோருக்கும் சந்தோஷம். அந்த 600 பாக்கெட்டும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு அலமாரியிலிருந்து கடை அலமாரிக்குப் போயிருக்கிறது. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் அது உங்கள் சரக்குதான். கடைக்காரர் காசு கொடுத்து இரண்டாவது முறை எடுக்கிறாரா, எத்தனை நாளில் எடுக்கிறார் என்பதைத்தான் எண்ண வேண்டும்.

கடைக்கு வெளியே இன்னொரு எண்ணும் வேண்டும்: ஒரு முறை வாங்கியவர்களில் மறுபடியும் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பாக்கெட்டுக்குள் ஒரு சீட்டு வையுங்கள். அடுத்த முறை அதே கடையில் சீட்டைக் கொடுத்தால் ஐந்து ரூபாய் குறைவு. இரண்டாவது பாக்கெட்டில் வேறு நிறச் சீட்டு, அதற்குத் தள்ளுபடி கிடையாது, பெயரும் ஊரும் எழுதிப் போட்டால் மாதம் ஒருவருக்குப் பரிசு என்று வைக்கலாம். முதல் சீட்டு சலுகைக்காக வரும். இரண்டாவது சீட்டு எத்தனை திரும்புகிறது என்பதில் உண்மை இருக்கும். குறைந்தது பன்னிரண்டு வாரம் இதை ஓட்டுங்கள். அரைக் கிலோ பாக்கெட் ஒரு வீட்டில் தீரவே இரண்டு மூன்று வாரம் ஆகும், மூன்றாவது பாக்கெட்டுக்குக் கை போகிறதா என்று பார்க்க அவ்வளவு காலம் வேண்டும்.

1968இல் பர்ஃபிட், காலின்ஸ் என்ற இருவர் பிரிட்டனில் குடும்பங்களின் வாங்கும் பதிவேடுகளை வைத்து எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு பிராண்டின் பங்கை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: எத்தனை பேர் ஒரு முறையாவது வாங்குகிறார்கள், அவர்கள் மறுபடி வாங்கும்போது இந்த பிராண்டுக்கு எவ்வளவு போகிறது, அவர்கள் சராசரியைவிட அதிகம் வாங்குகிறவர்களா குறைவாக வாங்குகிறவர்களா. நமக்கு அந்தப் பிரிவினையின் சாரம் போதும். ஓர் உதாரணம் போடுகிறேன். சதவீதங்கள் எல்லாம் வழி காட்ட நான் வைத்தவை, உங்கள் சோதனையில் வந்ததை அந்த இடத்தில் போடுங்கள்.

நகரக் குடும்பங்கள் 1.7 லட்சம். வீட்டுக் கணக்கில் நூற்றுக்கு 20 வீட்டில் ஏதோ ஒரு ராகி மாவு பாக்கெட் இருந்தது என்றால் 34,000 குடும்பங்கள். உங்கள் சரக்கு கிடைக்கும் கடைகளில் வழக்கமாக வாங்குகிறவர்கள் அதில் பாதிக்கும் சற்று மேல், 20,000 என்று வைப்போம். முதல் ஆண்டில் அவர்களில் 8 சதவீதம் பேர் ஒரு முறை வாங்கிப் பார்க்கிறார்கள்: 1,600. அவர்களில் நான்கில் ஒருவர் வாடிக்கையாகிறார்: 400. ஒரு வாடிக்கை வீடு மாதம் இரண்டு பாக்கெட், அதாவது ஒரு கிலோ: மாதம் 400 கிலோ. அந்த 1,600 பேரும் முதல் முறை வாங்கிப் பார்க்கும் சரக்கு ஆண்டுக்கு 800 கிலோ, மாதத்துக்கு 67 கிலோ. ஆக ஆண்டு முடிவில் மாதம் 470 கிலோ அளவில் நிற்கும்.

8 டன் எங்கே, 470 கிலோ எங்கே என்று மனம் சோர வேண்டாம். இந்தக் கணக்கின் பயன் இனிதான். எதை மாற்றினால் எண் எவ்வளவு ஏறும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். கடைகளை இரண்டு மடங்காக்கினால் 20,000 என்பது 34,000 வரை போகலாம், அதற்குமேல் போகாது. மறுபடி வாங்குகிறவர்கள் நான்கில் ஒருவர் என்பது இரண்டில் ஒருவர் ஆனால் 400 கிலோ 800 ஆகிவிடும். அதற்கு மாவின் வாசனை, நைசாகச் சலிப்பது, கட்டி தட்டாமல் கரைவது ஆகியவற்றில் வேலை செய்ய வேண்டும். என் கருத்தில் சிறு தொழிலுக்கு இரண்டாவதுதான் செலவு குறைந்த வழி.

மூன்று விஷயங்கள் நம் ஊருக்கே உரியவை, சோதனையின்போது தவற விடாதீர்கள். ஒன்று பருவம். சித்திரை, வைகாசி வெயிலில் கூழ் அதிகம் ஓடும். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு ராகி மாவு மொத்தமாக எடுப்பார்கள். மானாவாரி ராகி அறுவடையாகி மார்கழி, தையில் வீட்டுக்கு வந்த பிறகு சொந்தத் தானியம் கைவசம் இருக்கும். ஆடி மாத விற்பனையை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால் மோசம் போவீர்கள். சோதனையை ஒரு நல்ல பருவத்தின் கடைசியில் தொடங்கி மந்தமான பருவத்துக்குள் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரேஷன். 2023ஆம் ஆண்டை ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு மே மாதம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் முன்னோடியாகத் தொடங்கியது. விலையில்லாமல் ராகி வீட்டுக்கு வரும் இடத்தில் பாக்கெட் மாவின் நிலை வேறு. உங்கள் வீட்டுக் கணக்கில், ரேஷனில் ராகி வாங்குகிறீர்களா, அதை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும். சில வீடுகளில் அதை அரைக்கக் கொண்டுபோகவே நேரம் இல்லை என்பார்கள். அவர்கள் உங்களுக்கு முக்கியமானவர்கள்.

மூன்றாவது குழந்தை உணவு. ஓசூர் வீட்டில் பார்த்ததுபோல ராகிக் கஞ்சி வாங்கும் தாய்மார்கள் பெரிய கூட்டம்தான். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவு என்று விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும் தடை செய்கின்றன. பாக்கெட்டில் தவழும் குழந்தைப் படம் போட்டு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று போடுவதும் சட்டப்படி செல்லாது. இந்த இரண்டு கூட்டமும் தானாக வந்து வாங்கினால் வாங்கட்டும், அவர்களை நம்பி எண்ணைக் கூட்டாதீர்கள்.

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'எவ்வளவு கொடுப்பீர்கள்' என்று கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள். 1976இல் வான் வெஸ்டன்டார்ப் என்ற டச்சுக்காரர் அறிமுகம் செய்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த விலைக்குமேல் வாங்கவே மாட்டீர்கள், எந்த விலையில் விலை அதிகம் என்று தோன்றினாலும் வாங்குவீர்கள், எந்த விலையில் மலிவு என்று தோன்றும், எந்த விலைக்குக் கீழே போனால் தரத்தில் சந்தேகம் வரும். பதில்களை அடுக்கினால் ஒரு வரம்பு தெரியும். அதன் மேல் எல்லையே உங்கள் அடக்க விலைக்கும் கீழே இருந்தால் இந்தத் தொழிலை இந்த வடிவில் செய்ய முடியாது. மூலப்பொருள் விலை ஏறிக்கொண்டே வருவதையும் சேர்த்துப் பாருங்கள். குவிண்டால் ராகிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2023-24இல் 3,846 ரூபாய், 2024-25இல் 4,290, 2025-26இல் 4,886. கிலோ 49 ரூபாய் என்றாகிவிட்டது. அரசு அந்த விலைக்கு எடுக்கும்போது விவசாயி உங்களுக்குக் குறைத்துத் தர அவசியமில்லை.

இப்போது விற்பனை எண்ணை மெஷினோடு பொருத்திப் பாருங்கள். கடன் தவணை, வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் என்று வைப்போம். ராகி, பாக்கெட், கடைக்காரர் மார்ஜின், வண்டிச் செலவு போகக் கிலோவுக்கு 30 ரூபாய் நிற்கிறது என்றால் கையைக் கடிக்காமல் இருக்கவே மாதம் 2,000 கிலோ விற்க வேண்டும். உங்கள் சோதனையும் மேலே உள்ள உதாரணம்போல 470 என்று சொல்கிறது, அதைத் தாராளமாக்கினால் 900 என்று வைப்போம். இந்த நிலையில் மெஷின் வாங்கக் கூடாது. கூலி அரவையிலேயே தொடர வேண்டும், மாதம் 2,000 கிலோவைத் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டிய பிறகு மெஷின் பேச்சை எடுக்கலாம்.

எண்ணை வேகமாக உயர்த்த இரண்டு கதவுகள் உண்டு. ஓசூர் சிப்காட் தொழிற்சாலை கேன்டீன்கள் ஒன்று. ஒரு கேன்டீன் எடுக்கும் சரக்கு பல கடைகளுக்குச் சமம். ஆனால் விலையை அழுத்துவார்கள், பணம் வர நாளாகும். அதைத் தனி வரியாக எழுதுங்கள், கடை விற்பனையோடு கலக்காதீர்கள். இன்னொன்று பெங்களூரு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், ராகி முத்தே, அதாவது களி உருண்டை சாப்பிடுகிற ஊர். இந்தியாவில் ராகி அதிகம் விளையும் மாநிலமும் கர்நாடகம்தான், அதனால் அங்கே பெரிய பிராண்டுகளும் உள்ளூர் மில்களும் ஏற்கெனவே வலுவாக இருக்கின்றன. சந்தை பெரிது என்பதற்காகப் போகாதீர்கள். பெங்களூரில் வேலைக்குப் போய்க் குடியிருக்கும் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் எந்தப் பகுதியில் அதிகம் என்று விசாரித்து, அங்கே பத்துக் கடையில் இதே பன்னிரண்டு வாரச் சோதனையைச் செய்யுங்கள். ஊர் மாவு என்று தேடி வாங்குகிறவர்கள் அங்கேதான் கிடைப்பார்கள் என்பது என் கணிப்பு, ஆனால் அதையும் சீட்டு எண்ணித்தான் நம்ப வேண்டும்.

கடைசியாக, வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை. மாவட்டத் தொழில் மையம் வழியாகவோ, 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் தரும் மத்திய அரசின் குறு உணவுத் தொழில் திட்டத்திலோ விண்ணப்பித்தால் ஐந்தாண்டு விற்பனை எழுதிக் கேட்பார்கள். அறிக்கை எழுதித் தருகிறவர்கள் மெஷினின் திறனை எடுத்து, 300 நாளால் பெருக்கி, முதல் ஆண்டு 60 சதவீதம், இரண்டாம் ஆண்டு 70 சதவீதம் என்று போட்டுவிடுவார்கள். அது மெஷின் எவ்வளவு அரைக்கும் என்ற கணக்கு, எவ்வளவு விற்கும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் சோதனையில் வந்த எண்களை வைத்துக் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலையாக எழுதச் சொல்லுங்கள். குறைந்த நிலையிலும் தவணை கட்ட முடிகிற அளவுக்குக் கடனைக் கேளுங்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, எத்தனை பாக்கெட், எத்தனை சீட்டு திரும்பியது என்ற நோட்டையும் பின்னால் இணைத்துக் கொடுங்கள். கிளை மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் அந்த நோட்டில் இருக்கும்.

வீட்டுக் கணக்குக்கான கேள்விகளை எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.